பதினோரு மாத ஜாஹிதா

சின்ன கோலா கேட்டவர் எதிரே நிற்க, ஜாஹிதாவின் வலது கை எழுந்து, தலைக்கு மேலே விளக்குப் பலகையில் எரிகிற பெரிய கோப்பையின் படத்தைக் காட்டுகிறது. உதட்டில் புன்னகை. கூரையிலிருக்கும் கேமராவில் பார்ப்பவர்களுக்கு, ‘பெரிதாகத் தரட்டுமா சார்?’ என்று கம்பெனி எழுதிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார் என்று தோன்றும். வாய் சொல்வதோ வேறு. “அது அத்தனையும் ஐஸுங்க. சின்னதே போதும்.”

“கேமராவுக்குக் கண்ணு இருக்குதுங்க, காது இல்லை” என்று, அங்கே அடிக்கடி சாப்பிடப் போகிற என்னிடம் விளக்கினார். முகத்தில் துளி கூச்சம் இல்லை.

கோவை பீளமேட்டில் ஒரு வெளிநாட்டு வறுத்த கோழிக்கடையில் பில் போடுகிறார். வயது நாற்பத்தேழு. சிவப்பு பனியனின் நெஞ்சில் ஒரு பட்டை, ‘பயிற்சியில்’ என்று. ஐந்து வருடமாக அப்படித்தான். பதினோரு மாதம் முடிந்ததும் கம்பெனி கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பும். ஒரு மாதம் கழித்துப் புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும். புது ஆள் என்றால் பயிற்சிதானே.

“ஊடு வாடகைக்கு உடற மாதிரி, என்னையும் பதினோரு மாசத்துக்குத்தானுங்க எழுதறாங்க. எம்பொண்ணு யுஸ்ரா படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டா. நான் இன்னும் பயிற்சில இருக்கேன். சம்பளம்கூட அப்புறம் பாத்துக்கலாம், இந்தப் பட்டையக் கழட்டோணும்.”

இதற்கு முன் கண்ணையா என்பவரின் காளான் கடையில் இருந்தார். அங்கே நியமன உத்தரவு ஒரே வரி. “நாளைக்கு வந்துருங்க.” நீக்கல் உத்தரவும் அப்படியே. “நாளைக்கு வேண்டாங்க.” இரண்டையும் ஒரே மரியாதையோடு சொல்வாராம். காகிதத்தில் எழுதிக் கொடுக்கிற இடமாகப் பார்க்கலாம் என்று ஜாஹிதா இங்கே வந்தார். நன்றாகத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த முறை தலைமை அலுவலகம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. மாறுவேடத்தில் வருகிற சோதனை வாடிக்கையாளரிடம் முழு மதிப்பெண் வாங்கினால் நிரந்தரம். ஜாஹிதாவுக்கு இது சுண்டைக்காய். அந்த வகை ஆட்களை அவருக்கு நடையிலேயே தெரியும். வந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், பசி இல்லாமல் வரிசையில் நிற்பார்கள், பில்லைக் கசக்காமல் நாலாக மடித்து வைப்பார்கள்.

நான் இருந்த ஒரு மத்தியானம் அப்படி ஒரு அம்மாள் வந்தார், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு. கடிகாரத்தைப் பார்த்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து மூடினார். ஜாஹிதா எனக்குக் கண்ணைக் காட்டினார்.

“ஒரு சின்ன கோலா” என்றார் அந்த அம்மாள்.

கை எழுந்தது. புன்னகை மலர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை இரண்டு முறை இருமியது.

“ஏனுங்க, பாப்பாவுக்குச் சளி கட்டியிருக்குதாட்ட இருக்குது. கோலாவே வேண்டாங்க கண்ணு. சுடுதண்ணி தாரேன், கூட்டிட்டுப் போங்க.”

அந்த அம்மாள் சுடுதண்ணீரை வாங்கிக்கொண்டார். மடித்து வைக்க பில்கூட இல்லை.

மதிப்பெண் வந்தது. சுத்தத்துக்கு முழுசு, புன்னகைக்கு முழுசு, கை காட்டியதற்கும் முழுசு. விற்பனை வாசகத்துக்குப் பூஜ்யம். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஜாஹிதா சிரித்தார். “கை நல்லாத்தானுங்க செஞ்சுது. வாய்தான் கெடுத்துப்போட்டுது.” சொல்லிவிட்டு, ஏற்கெனவே பளபளவென்று இருந்த மேஜையை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதினோரு மாதம் முடிந்தது. ஒரு மாதம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆறாவது முறையாகப் ‘புதிதாக’ வந்து நின்றார். கடை மேலாளர் திருமூர்த்திக்கு எண்ணெய் மாற்றுவதிலிருந்து பட்டை குத்துவது வரை சொல்லிக் கொடுத்தவரே ஜாஹிதாதான். திருமூர்த்தி ‘பயிற்சியில்’ பட்டையை நீட்டினார். “எடுத்துக்குங்கக்கா.” தலை நிமிரவே இல்லை.

ஜாஹிதா அதை வாங்கி மேஜையில் வைத்தார். திருமூர்த்தியின் நெஞ்சில் ‘மேலாளர்’ பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முதலில் அதை நேராகக் குத்திவிட்டு, அப்புறம் தன்னுடையதை எடுத்துக் குத்திக்கொண்டார்.