சாச்சா செய்த ஒரே வளையம்

சாச்சா தன் கையால் செய்த வளையம் ஒன்று, உடைந்த பேனையோடு என்னிடம் இருக்கிறது. அவர் வாழ்நாளில் செய்த ஒரே வளையமும் அதுதான். முதிரை மரத்தின் மஞ்சளும் கருங்காலி மரத்தின் கறுப்பும் மாறி மாறிச் சுற்றி வந்து சேர வேண்டிய இடத்தில், ஒரு நெல்மணி நுழையும் அளவுக்கு இடைவெளி. அதை மரத்தூளும் பசையும் குழைத்து அப்பி மறைத்திருந்தார். அப்பியதில் பாதி உதிர்ந்துவிட்டது. அதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எரிச்சல்தான் வருகிறது.

சாச்சா என் வாப்பாவின் தம்பி; அண்ணனான வாப்பாவை 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார். கல்முனையில் மரப்பேனைப் பட்டறை வைத்திருந்தார். முன்பக்கத்தில் மூன்று லேத், கடைச்சல் வேலைக்கு இரண்டு ஆண்கள். பேனையின் நடுவில் விரல் பிடிக்கும் இடத்துக்கு மேலே வருகிற அலங்கார வளையம் என் வேலை. பின்னறையில் ஒன்பது வருடம் அதைத்தான் செய்தேன். பேனையை வாங்க வருகிறவர்கள் மரத்தைப் பார்ப்பதில்லை, வளையத்தைத்தான் தடவிப் பார்ப்பார்கள். சாச்சா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இதெல்லாம் நம்மட கைவேலை" என்பார். அந்த 'நம்மட'வுக்குள் நான் இல்லை. தேத்தண்ணி கேட்கும்போது மட்டும் என் பெயர் அவருக்கு ஞாபகம் வரும்.

வளையம் என்பது பன்னிரண்டு சின்னத் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையையும் ஒரே சரிவில் வெட்ட வேண்டும். ஒரு வெட்டில் மயிரிழை பிசகினால் இருபத்து நான்கு வெட்டிலும் அந்தப் பிசகு சேர்ந்து, கடைசித் துண்டு பல்லிளிக்கும். அதனால் ஆறு துண்டுகளை ஒட்டி அரைவட்டமாக்கி, மற்ற ஆறையும் அப்படியே ஒட்டிக் காய விடுவேன். பிறகு கண்ணாடித் தகட்டில் அரத்தாளை விரித்து, இரண்டு அரைவட்டங்களின் முகத்தையும் மெல்லத் தேய்ப்பேன். வெளிச்சத்துக்கு நேரே சேர்த்துப் பிடித்தால் இடையில் ஒளி தெரியக்கூடாது. அதற்குப் பிறகுதான் ஒட்டுவது. இதைச் சாச்சா ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட நின்று பார்த்ததில்லை. பின்னறைக்கு வந்தால் "எத்தினை முடிஞ்சது" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

நான் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கிழமையில், பொத்துவில் கடைக்காரர் ஒருவருக்கு அவசரமாக ஒரு பேனை தேவைப்பட்டது. சாச்சா தானே உட்கார்ந்து பன்னிரண்டு துண்டையும் ஒரே மூச்சில் ஒட்டினார். பிசகைத் தேய்த்து எடுக்க அரைவட்டம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு கிழமையில் அந்தக் கடைக்காரர் வளையத்தடியில் உடைந்த பேனையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். நான் கதவடியில் நிற்கிறேன். என்னைப் பார்த்துக்கொண்டே சாச்சா சொன்னார்: "அது இந்தப் பொம்புளப் புள்ள செஞ்சது தம்பி. மனசுல வெச்சிக்காதீங்க, நான் என்ட கையால வேற ஒண்டு செஞ்சு தாறன்." அந்த வேற ஒன்றையும் நான்தான் செய்தேன். உடைந்ததை எடுத்து வைத்துக்கொண்டேன். அன்று வாயைத் திறக்காமல் நின்றதற்காக என்மீதும் எனக்கு அருவருப்பு உண்டு.

பிறகு எனக்குக் கல்யாணம் பேசி வந்தது. காவின் என்கிற கல்யாணப் பதிவை எழுதுவதற்கென்று ஒரு பேனையை நானே செய்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வளையம் பொருந்தியதில்லை. காவின் புத்தகத்தில் பெண் கையெழுத்துப் போடுகிற வழக்கம் எங்கள் பக்கம் அப்போது இல்லை. வாப்பா மௌத்தாகிவிட்டார், சகோதரர்களும் இல்லை. எனக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவர் சாச்சாதான். திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நான் இருக்கிறேன். அந்தப் பக்கம் பேனை கைக்குக் கை போகிறது. மாப்பிள்ளையின் பெரியப்பா, "சோக்கான வேலை ஹாஜியார். இதுல எத்தினை துண்டு?" என்று கேட்டார். சாச்சா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எட்டு. நானே இருந்து வெட்டினது" என்றார்.

என் கல்யாண நாளில், என் பேனையை வைத்துக்கொண்டு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பன்ரெண்டு" என்றேன், திரைக்கு அப்பாலும் கேட்கும்படி. உம்மா என் தொடையைக் கிள்ளினார். அந்தப் பக்கத்தில் சாச்சா சிரித்து, "புள்ளைக்கு விளையாட்டு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை என் வீட்டுக்கே குடிவந்தார். நான் அதன் பிறகு பட்டறைக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, மத்தியானத் தொழுகை முடித்த கையோடு சாச்சா வந்தார். அறுபது பேனை எடுப்பதாகச் சொன்ன வியாபாரி மாதிரி பார்க்க நாளை வருகிறார், காட்ட ஒரு வளையமும் கையில் இல்லை. "பழசெல்லாம் என்னத்துக்கு மகள், வா, வந்து வேலையப் பாரு" என்றார். எனக்கும் கை பரபரத்தது. வேலையை விட்டிருந்த அந்த இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கியதில்லை.

"வாறன் சாச்சா. நாளைக்கு அந்த ஆளுக்கு முன்னால, வளையம் என்ட காக்காட மகள் செஞ்சதெண்டு ஒருக்காச் சொல்லுங்க. அது போதும்."

அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓம் என்றிருந்தால் அன்றைக்கே துண்டு அறுக்கிற வாளைக் கையில் எடுத்திருப்பேன். அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார், தொப்பியைச் சரிசெய்தார், எழுந்து போனார்.

மூன்று மாதத்தில் பட்டறையை மூடி லேத்துகளை விற்றார். ஒன்றை என் கணவர் வாங்கி வந்தார். இப்போது வீட்டிலேயே செய்கிறேன். சாச்சாவின் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டவள் நான் என்று ஊரில் இன்றைக்கும் சிலர் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். நான் கேட்டது ஒரேயொரு வசனம். அதைச் சொல்வதைவிடப் பட்டறையை மூடுவது அவருக்கு லேசாக இருந்திருக்கிறது.