ராவ் காரு சீட்டும் ஒரு யூனியன் தேர்தலும்

தொழிலாளர் செய்தி எழுதுகிறவளை வாசகர்கள் படிக்கிறார்களோ இல்லையோ, யூனியன்காரர்கள் வரி வரியாக எண்ணுகிறார்கள்.

ஹைதராபாத்தில் ஓர் ஆங்கில நாளிதழில் இருபத்தைந்து வருஷமாக எனக்கு இதுதான் வேலை. அபார்ட்மென்ட் சங்கத்தில் மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தண்ணீர்ப் பஞ்சாயத்து செய்தவர்கள், அண்ணன் தம்பி சண்டையில் சமாதானம் பேசப்போய் இரண்டு வீட்டு விசேஷத்துக்கும் அழைப்பு வராமல் போனவர்கள், ஆபீஸில் “நீ யார் பக்கம்?” என்று கேட்டபோது தண்ணீர் குடிக்க எழுந்து போனவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். நடுவில் நிற்பவருக்கு எந்தப் பக்கத்திலிருந்து அடி வரும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் ஒரு தேர்தலை நினைத்தால் இந்தத் தொழிலில் இருந்ததற்காக இன்றைக்கும் எனக்குத் தலை நிமிர்கிறது. அதைச் சொல்கிறேன்.

ஸ்டீல் ஸ்கேல்

என் மேஜை டிராயரில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் உண்டு. யூனியன் தேர்தல் வந்தால் வெளியே வரும். மூன்று யூனியன் போட்டியிட்டால் மூன்று பேருடைய பேச்சும் பத்திரிகையில் ஒரே உயரத்தில் வரவேண்டும். இப்போது கம்ப்யூட்டரே அளவு சொல்லிவிடும். இருந்தும் அச்சான தாளில் ஸ்கேலை வைத்துப் பார்க்காமல் எனக்குக் காபி இறங்காது. இதைத்தான் நடுநிலை என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஊர் ஓரத்து ராமச்சந்திராபுரம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் பெரிய ஆலை இல்லை நான் சொல்வது. அதையும் தாண்டி, பம்பு செய்கிற சிறிய அரசு நிறுவனம் ஒன்று. அங்கே அங்கீகாரத் தேர்தல் வந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் ரகசியமாக ஓட்டுப் போடுவார்கள். அதிக ஓட்டு வாங்கிய யூனியன் ஒன்றுதான் நிர்வாகத்தோடு பேசலாம். என் முதல் செய்தி வந்த அன்று இடதுசாரி யூனியனின் செயலாளர் மல்லேஷ் போன் செய்தார். டூல் ரூமிலிருந்து அளவுகோல் எடுத்து அவரும் அளந்திருக்கிறார். தெலுங்கில் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “மேடம், எங்களுக்கு ரெண்டு வரி குறைச்சல். அந்த ரெண்டு வரியிலதான் புரட்சி இருந்தது.”

ஒரு பஸ், மூன்று கொள்கை

அந்தத் தேர்தலின் பிரச்சினை கம்பெனி பஸ். காலை ஆறேகாலுக்கு அல்வாலில் கிளம்பி, திருமுல்கேரி வழியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் ஆலை வாசலில் விடும். பஸ்கள் கிழடாகிவிட்டன, இனி காண்ட்ராக்ட்காரர் ஒருவரிடம் விடப்போகிறோம் என்றது நிர்வாகம். ஒரு யூனியன், பஸ்ஸே வேண்டாம், பயணப்படியாகப் பணம் கொடுத்துவிடுங்கள் என்றது. மல்லேஷின் யூனியன், கம்பெனி பஸ் கம்பெனியிடம்தான் இருக்கவேண்டும், டிரைவர் மேல் கை வைத்தால் வேலைநிறுத்தம் என்றது.

மூன்றாவது தேவராஜின் யூனியன். தேவராஜ் அல்வால்காரர். பாட்டனார் அரக்கோணத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர். இவர் ஆலையில் ஃபிட்டர். காண்ட்ராக்ட்காரர் ஓட்டட்டும், ஆனால் மூன்று நிபந்தனை என்றார். இப்போதைய டிரைவர்கள் ஓய்வு பெறும்வரை கம்பெனிச் சம்பளத்தில்தான் இருப்பார்கள். பயணத்துக்குக் காசு கிடையாது. மூன்றாவது, ஆலைக்குள் வேலை செய்கிற காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் ஏறலாம். அதுவரை பாஸ் உள்ள நிரந்தரத் தொழிலாளி மட்டும்தான் ஏறமுடியும்.

சந்தையை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், வீட்டுச் சாவியை மட்டும் அதன் கையில் தரக்கூடாது என்பது தேவராஜின் வாதம். மல்லேஷ் இதற்குச் சொன்ன பதிலும் லேசானதில்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டே சொன்னார்: “இன்னைக்கு பஸ். நாளைக்கு ஆஸ்பத்திரி. அதுக்கு மறுநாள் சாவியை அவனே கேட்கமாட்டான் மேடம், பூட்டை மாத்திடுவான்.”

தலைப்பில் அடங்காத ஆள்

எங்கள் டெஸ்க்கில் தலைப்பு வைக்கிறவர் ஃபரூக் பாய். ஹைதராபாத்தின் பழைய நகரத்துக்காரர், நாற்பது வருஷ சர்வீஸ். இடதுசாரி யூனியன் என்றால் அவருக்குத் தலைப்பு தயாராக இருக்கும். பணம் கேட்கிற யூனியனுக்கும் அப்படியே. தேவராஜுக்கு என்ன போடுவது என்று என்னைக் கூப்பிட்டார். சமூக ஜனநாயகத்தில் நடுவழி என்றேன். ஒற்றைப் பத்தியில் அடங்காது என்றார். உலகம் முழுக்க இந்த வாதம் நடக்கிறது பாய், தொழிலாளர் கட்சிகள் சந்தையோடு கை குலுக்கலாமா, குலுக்கினால் விரல் மிஞ்சுமா என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போடுகிறார்கள், நம் ஊரில் ஒரு ஃபிட்டர் அதையே பஸ்ஸை வைத்துப் பேசுகிறார் என்று விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: “கைக்கு மேடம், எதுக்கு இவ்வளவு கஷ்டம்? இந்தப் பக்கமும் போகாத, அந்தப் பக்கமும் போகாத ஆட்டோ ஸ்டாண்டுலதான் நிக்கும். அதுக்கு யார் தலைப்பு போடுவாங்க?”

கேண்டீன் ஜன்னல்

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு மூன்று யூனியன்களின் வாதத்தையும் மூன்று பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், மயிரிழை பிசகவில்லை. என் வாழ்நாளின் மிக நேர்மையான செய்தி என்ற நினைப்போடு மறுநாள் ஆலைக்குப் போனேன்.

கேண்டீன் ஜன்னலில் உப்புமா கொடுத்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். பெயர் கலா. காண்ட்ராக்ட் தொழிலாளி, தேவராஜின் தெருவுக்கு அடுத்த தெரு. நாற்பது வயதிருக்கும். கம்பெனி பஸ் அவள் நிற்கும் ஸ்டாப்பில்தான் நிற்கும், அவளை ஏற்றாது. சிட்டி பஸ்ஸில் பாலாநகர், அங்கே இறங்கி பட்டான்செரு பஸ், பிறகு ஷேர் ஆட்டோ. எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் காண்ட்ராக்ட் ஆட்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மாதம் இரண்டு முறை திரும்பியிருக்கிறாள். மூன்றாவது முறை திரும்பினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இதையெல்லாம் அவள் புகாராகச் சொல்லவில்லை, கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். என் செய்தியை அவள் மகள் படித்துத் தெலுங்கில் சொன்னாளாம். கடைசியில்தான் கேட்டாள்: “மூணு பேருக்கும் சமமாப் போட்டிருக்கீங்க மேடம், நல்லாருந்துச்சு. பஸ்ஸுல ஏறாத நான் எந்தப் பத்தியில இருக்கேன்?”

உப்புமாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ராவ் காரு சீட்

இரண்டு நாள் கழித்து அனுமதி வாங்கி கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். அல்வால் ஸ்டாப்பில் கலாவும் நின்றிருந்தாள். பஸ் அவளைத் தாண்டிக் கிளம்பியது. உள்ளே பாதி சீட் காலி. ஜன்னலோரமாக ஒன்றில் உட்காரப் போனேன். பின்னாலிருந்து நாலு பேர் ஒரே சமயத்தில் தடுத்தார்கள். அது ராவ் காரு சீட். தெலுங்கில் காரு என்றால் ‘சார்’ மாதிரி. ராவ் காரு எங்கே ஏறுவார் என்று கேட்டேன். ஏறமாட்டார், போன வருஷம் ரிட்டயர் ஆகிவிட்டார்.

அந்த பஸ்ஸில் அது ஒரு வழக்கம். முப்பது வருஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வந்தவர் ஓய்வு பெற்றால் அவர் சீட்டில் சட்டென்று யாரும் உட்காரமாட்டார்கள். மரியாதை. சிரிக்கத் தோன்றவில்லை எனக்கு. ஒரு தொழிலாளியின் பெயர் அவர் போன பிறகும் ஓர் இருக்கையில் இருக்கிறது என்றால் அது எத்தனையோ போராட்டத்தில் வாங்கியது. அதே சமயம், வேலைக்கு வராத ராவ் காருவுக்கு இடம் இருக்கிறது, வேலைக்கு வருகிற கலாவுக்கு இல்லை.

மறுநாள் கலாவோடு சிட்டி பஸ்ஸில் போனேன். பாலாநகரில் பட்டான்செரு பஸ்ஸைத் தவறவிட்டோம். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வாசல்வரை ஓடினோம். ஐம்பதைத் தாண்டிய நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். மணி எட்டு ஒன்பது, ஒரு நிமிஷம் மிச்சம். உள்ளே போகிறபோது மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை மேடம் என்றவள் முதல்முறையாக வேறு மாதிரிக் கூப்பிட்டாள்: “நாளைக்கு நக்கோ அக்கா, வராதீங்க. நீங்க இல்லேன்னா இன்னும் வேகமா ஓடுவேன்.”

மூன்று புகார்

இரண்டு பஸ் பயணத்தையும் அப்படியே எழுதினேன். கொள்கை ஒன்றும் சேர்க்கவில்லை. பெயரை மட்டும் மாற்றினேன். ஃபரூக் பாய் ஒரு வார்த்தை வெட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நாலு பத்திக்கு விரித்துப் போட்டார். கேண்டீன் சுவரில் யாரோ அதை ஒட்டியிருந்தார்கள்.

திங்கட்கிழமை மூன்று யூனியனிலிருந்தும் போன் வந்தது. தங்களைவிட அந்தப் பெண்ணுக்கு அதிக இடம் என்பதுதான் மூவரின் புகாரும். அதற்கு முன் அந்த ஆலையில் மூன்று யூனியனும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஸ்கேலை டிராயரில் வைத்துக்கொண்டிருந்த என்னிடம் ஃபரூக் பாய் சொன்னார்: “மூணு பேரும் திட்டுறாங்களா? அப்ப இன்னைக்குத்தான் மேடம் நீங்க நடுவுல நின்னிருக்கீங்க.”

ஏழு நிமிஷம்

வாசல் கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு. முதல் ஷிஃப்ட் வெளியே வரும், இரண்டாவது ஷிஃப்ட் உள்ளே போகும். அந்த ஏழு நிமிஷம்தான் தலைவருக்கு. தேவராஜின் ஆட்கள் அவரிடம் கெஞ்சியிருந்தார்கள். டிரைவர்களைப் பற்றிப் பேசு, இலவசப் பயணத்தைப் பற்றிப் பேசு, காண்ட்ராக்ட் ஆட்களை மட்டும் எடுக்காதே, அவர்களுக்கு ஓட்டுக் கிடையாது, நம் ஓட்டும் போய்விடும் என்று.

தேவராஜ் ஸ்டூலில் ஏறி முதல் வாக்கியத்திலேயே ராவ் காரு சீட்டை எடுத்தார். கூட்டம் முணுமுணுத்தது. மல்லேஷ் ஒதுங்கி நிற்கவில்லை, நேராக முன்னால் வந்து கேட்டார். அந்தப் பெண்கள் மேல் அக்கறை இருந்தால் அவர்களை நிரந்தரமாக்கு என்று போராடு, காண்ட்ராக்ட் முறையையே இன்னொரு காண்ட்ராக்ட்டால் அலங்கரிக்கிறாயே, இதுவா தொழிலாளர் கொள்கை? நியாயமான கேள்வி. டிவி விவாதங்களில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தாலும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கமுடியாது. தேவராஜ் அவரை மறுக்கவில்லை. நிரந்தரமாக்கத்தான் வேண்டும், அதற்கு உன்னோடு நானும் வருகிறேன் என்றார். பிறகு சொன்னார்: “அதுவரைக்கும் அவங்க ஓடி வரணுமா, மல்லேஷ்?”

யாரோ பின்னாலிருந்து, அவர்களுக்கு ஓட்டு இல்லை அண்ணா என்று நினைவுபடுத்தினார்கள். ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதிவிட்டது. ஸ்டூலிலிருந்து இறங்கிக்கொண்டே தேவராஜ் சொன்னது என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது: “ஹவ், ஆமா, தெரியும்ப்பா. ஓட்டு உங்ககிட்ட இருக்குன்னுதானே உங்ககிட்ட கேக்குறேன்.”

தோற்றவரின் நிபந்தனை

தேவராஜ் தோற்றார். சொற்ப ஓட்டில்தான், ஆனாலும் தோல்வி. அவர் யூனியனிலேயே சிலர், நடுவழி என்றால் இப்படித்தான், இரண்டு பக்க ஓட்டும் போகும் என்று என்னிடம் வந்து சொன்னார்கள். மல்லேஷின் யூனியன் அங்கீகாரம் பெற்று நிர்வாகத்தோடு உட்கார்ந்தது. ஒரு மாதம் இழுத்தது பேச்சு. பஸ் கம்பெனியிடமே இருக்கும், டிரைவர்களும் இருப்பார்கள் என்று கையெழுத்தானது. மல்லேஷ் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு இன்னொரு முறை படித்தேன். காலி இருக்கை இருக்கும்வரை காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் கம்பெனி பஸ்ஸில் வரலாம். தேவராஜின் மூன்றாவது நிபந்தனை, ஏறக்குறைய அவர் வார்த்தையிலேயே. நிர்வாகம் அதைத் தள்ளப் பார்த்ததாகவும், மல்லேஷ் அந்தப் பத்தி இல்லாமல் பேனாவைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டதாகவும் பிறகு தெரிந்தது. எதிராளியின் கோரிக்கையை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். மல்லேஷ் வாசலைப் பார்த்தபடி சொன்னார்: “தேவராஜோட வழி தப்பு மேடம். கேள்வி சரி. கேள்விக்குக் காப்பிரைட் கிடையாதே.”

ஜன்னலோரம்

அமலுக்கு வந்த முதல் திங்கட்கிழமை நான் அல்வால் ஸ்டாப்புக்குப் போனேன். செய்தி வேண்டியிருக்கவில்லை, பார்க்கவேண்டியிருந்தது. தேவராஜும் அங்கே நின்றிருந்தார், டிபன் பையோடு, தோற்றவர் போலவே இல்லை. பஸ் வந்தது. கலா படியில் கால் வைத்து ஒரு நொடி தயங்கினாள். எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு, என்னை அன்று தடுத்த நாலு பேரில் ஒருவர், ராவ் காரு சீட்டின் மேல் வைத்திருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கலா உட்கார்ந்தாள். நான் கீழேயிருந்து ஜன்னல் பக்கம் போய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கண் கலங்குவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, இத்தனை வருஷம் பத்திரிகையில் இருந்தும் அந்த ஆசை போகவில்லை. அவள் முந்தானையை நெற்றிக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டு, மூன்று வண்டி மாறிப் போனவளின் அதிகாரத்தோடு சொன்னாள்: “இந்தப் பக்கம் வெயிலடிக்குது அக்கா. ராவ் காரு முப்பது வருஷம் எப்படித்தான் உக்காந்தாரோ.”

நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும் என்றும், பஸ் ஸ்டாப்பில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க மட்டும்தான் சீக்கிரம் எழுந்திருக்கவேண்டும் என்றும் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷமும் கையில் பிடித்து ஓடிய ஒரு ஜோடிச் செருப்பும் தேவைப்பட்டன.