என் பேஸ் கிட்டார் ஏன் ‘கர்ர்’ என்றது?

போன மாதம் என் மனைவி சுமதியின் அண்ணன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம். அந்த மேடையில் நான் பேஸ் கிட்டார் வாசிக்கவேண்டும். ஆனால் என்னைக் கீழே உட்காரவைத்துவிடலாமா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

காரணம், ஒரு சத்தம்.

பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவனுக்கு பேஸ் கிட்டார் எதற்கு என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூட நாளில் தொற்றிய வியாதி. என் நண்பன் தேவராஜ் கீபோர்ட் வாசித்துப் பாடுவான். அவன் தம்பி சுரேஷ், அவரவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைப் பார்த்துக்கொள்வான். தாளத்துக்கு ஒரு பையன். இதுதான் எங்கள் ஆர்கெஸ்ட்ரா. கல்யாணம், கோயில் திருவிழா, பிறந்தநாள்... கூப்பிட்டால் போவோம். கூப்பிடாத இடத்துக்கும் ஒருமுறை போயிருக்கிறோம் – அது வேறு கதை.

பேஸ் கிட்டாரில் ஒரு விசேஷம் உண்டு. சரியாக வாசித்தால் யாருக்கும் கேட்காது. தப்பாக ஒலித்தால் மட்டும் ஊருக்கே கேட்கும்.

என்னுடையது தப்பாக ஒலிக்க ஆரம்பித்தது. தந்தியைச் சுண்டினால் ‘தும்’ என்று வரவேண்டும். ‘தும்-கர்ர்ர்’ என்று வந்தது. தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி.

“மச்சான், பாட்டுக்கு நடுவுல யாரோ மரம் அறுக்கிறாங்க” என்றான் தேவராஜ்.

யூடியூபைத் திறந்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே சின்னச் சின்ன உலோகக் கட்டைகள் பதித்திருக்கும் அல்லவா? அவைதான் ஃபிரெட். அதிரும் தந்தி போய் அவற்றில் உரசினால் ‘கர்ர்’ வரும். ஆகவே தந்தியைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

உயர்த்தினேன். விரல் நோவு வந்தது. ‘கர்ர்’ போகவில்லை.

அடுத்த வீடியோ. கழுத்துக்குள்ளே ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறதாம். அதை அலன் கீ என்ற வளைந்த சாவியால் துளித் துளியாகத் திருப்பினால் கழுத்தின் வளைவு மாறுமாம். “கவனம், அவசரப்படாதீர்கள்” என்றார் இன்னொரு தாடிக்காரர். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்துத் திருப்பினேன். எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். ஒரு தந்தியில் இருந்த வியாதி எல்லாத் தந்திக்கும் பரவியது.

பிறகு நிதானமாக மறுபக்கம் திருப்பி, சுதி சேர்த்து, மறுபடி கொஞ்சம் திருப்பி... ஒரு வழியாகச் சத்தம் அடங்கியது. மாணவர்களின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்த சுமதிக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

“சரியாயிடுச்சே! சுத்தமா இருக்குங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலிஎலயில் தேவராஜ் வீட்டில் ஒத்திகை. பெருமையோடு போனேன். முதல் பாட்டு, முதல் வரி.

தும்-கர்ர்ர்.

“இதைத்தான் ரிப்பேர் பண்ணுனியா?”

“வீட்டில நல்லா இருந்துச்சு மச்சான்!”

“அப்ப ஹாலிஎல காத்து ஒத்துக்கலை போல.”

கொழும்புக்குப் போன நண்பரிடம் சொல்லிப் புதுத் தந்தி எடுப்பித்தேன். மாற்றினேன். வீட்டில் தேன். ஹாலிஎலயில் வண்டு. டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுவிடும் குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். என்னுடையது அதற்கு நேர்மாறு.

அந்த ஒத்திகை முடிந்ததும் தேவராஜ் என் தோளில் கை போட்டான். அவன் தோளில் கை போட்டால் நல்ல செய்தி வராது.

“மச்சான், கவிதா கல்யாணத்துக்கு நான் கீபோர்ட்லயே பேஸையும் போட்டுர்றேன். நீ பொண்ணுக்கு மாமா முறை. முன்வரிசையில உக்காந்து ஜாலியா பாரு.”

எவ்வளவு மரியாதையான வெளியேற்றம்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுமதியின் சொந்தக்காரர்கள் எல்லோரும் வரும் கல்யாணம். என் ஆர்கெஸ்ட்ரா மேடையில், நான் மட்டும் கதிரையில். யாராவது காரணம் கேட்டால் என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து கிட்டாரை உறையோடு அலமாரிக்கு மேலே ஏற்றினேன். சுமதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் சொன்னாளோ என்னவோ, மறுநாள் கவிதாவே போன் பண்ணினாள்.

“மாமா, நீங்க வாசிக்கலைன்னா எனக்கு பேண்டே வேணாம். தேவராஜ் அங்கிள்கிட்டயும் சொல்லிட்டேன்.”

கல்யாணப் பெண் சொன்னால் அப்பீல் ஏது? தேவராஜ் இறங்கிவந்தான். “வாசி. ஆனா கர்ர்ருன்னா அந்த நிமிஷமே நிப்பாட்டிரணும்” என்றான்.

கல்யாண நாள். நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக் கலாசார மண்டபம். மதியச் சாப்பாடு முடிந்து, மலையிலிருந்து பனி இறங்கி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தது. முன்வரிசைகளில் தோட்டத்து லயன் வீடுகளின் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. சுமதி மண்டபத்தின் பின்னால், மிக்ஸர் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள்.

முதல் பாட்டு தொடங்கியது. எனக்கு என் சத்தமே கேட்கவில்லை. வழக்கம்தான். இன்னும் பலமாகச் சுண்டினேன்.

கர்ர்ர்.

தேவராஜ் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

இனி நடந்தது சுமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சுரேஷிடம் கேட்டிருக்கிறாள்:

“ஏன் தம்பி இவர் இப்படிப் போட்டு அடிக்கிறாரு? வீட்டில மெதுவாத்தானே வாசிப்பாரு?”

“தெரியலையேக்கா.”

“அது என்ன, எல்லா பட்டனும் மேல இருக்கு, இது மட்டும் அடியில கிடக்கு?”

“அதுதான்க்கா பேஸ். எங்க தேவராஜ் அண்ணன் எப்பவும் அதைக் கீழயே வைக்கச் சொல்லும்.”

சுரேஷுக்கு இதில் ஒளிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. பாவம், நல்ல பையன். சுமதி கையை நீட்டி அந்தப் பட்டனை மேலே தள்ளிவிட்டாள்.

தும்ம்ம்!

மண்டபமே ஒருமுறை மூச்சு விட்டது. முன்வரிசையில் ஒருவர் தேநீர்க் கோப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என் சத்தம் எனக்கே கேட்டது. யாரும் சொல்லாமலே என் விரல்கள் இளகின. மெதுவாகத் தொட்டாலே போதுமாக இருந்தது. ‘கர்ர்’ போன இடம் தெரியவில்லை.

அப்போதுதான் உறைத்தது. வீட்டில் நான் மெதுவாக வாசித்தேன், தந்தி உரசவில்லை. ஒத்திகையிலும் மேடையிலும் என் சத்தம் எனக்கே கேட்காததால் ஓங்கி அடித்தேன், உரசியது; ‘தும்’ அமுங்கிப்போய் உரசல் மட்டும் துருத்திக்கொண்டு கேட்டது. இதற்காகவா அந்தக் கழுத்தைத் திருகு திருகென்று திருகினேன்?

யோசித்துப் பாருங்கள். வீட்டிலோ ஆபீஸிலோ சங்கக் கூட்டத்திலோ ஒருவர் கரகரவென்று கத்தினால் ‘இவர் சுபாவமே இப்படித்தான்’ என்கிறோம். அவருடைய பட்டன் எங்கே இருக்கிறது, அதை அங்கே வைத்தது யார் என்று எத்தனை பேர் எட்டிப் பார்க்கிறோம்?

இதோடு முடிந்திருந்தால் நான் தியாகி. முடியவில்லையே!

அடுத்தது கவிதா கேட்டு வாங்கிய பாட்டு. எல்லாக் கல்யாணத்திலும் நாங்கள் வாசிப்பதுதான். சரணம் திரும்பும் இடத்தில் உற்சாகமாக ஒரு சுரத்தை இறக்கினேன்.

மண்டபம் முழுக்கக் கேட்டது. தப்பு. பச்சைத் தப்பு. தேவராஜின் குரல் தடுமாறியது. மாலையோடு உட்கார்ந்திருந்த கவிதா தலையைத் தூக்கினாள். அந்தக் குளிரிலும் என் காது சுட்டது.

தேவராஜ் பாட்டின் இடைவெளியில் என் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தான். “எஃப் இல்ல மச்சான், ஈ! இத்தனை வருஷமா அதே இடத்துல அதே தப்பு!”

அடுத்த சரணம் வந்தது. ‘ஈ’யைத் தேடிப் பிடித்து, பூப்போல வைத்தேன். பாட்டு அழகாகத் திரும்பியது. அது அவ்வளவு அழகான இடம் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கவிதா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மாப்பிள்ளையும் ஏதும் புரியாமலே தூக்கிக் காட்டினார்.

திரும்பும் வழியில் பசறையில் வேனை நிறுத்தித் தேநீர் குடித்தோம். நான் தேவராஜைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“அந்தத் தப்பை ஏன்டா எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னுதான் மச்சான்.”

“சத்தத்தைக் குறைச்சா கஷ்டமில்லையா?”

“அது உனக்குத் தெரியாதே!”

கோபப்படத்தான் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் முடியவில்லை. நட்பைக் காப்பாற்றுவதாக நினைத்தே அத்தனை வருஷமும் என்னை அமுக்கி வைத்திருக்கிறான். தேநீர்க் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இனி எதுவானாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும்’ என்று பேசி முடித்தோம்.

இப்போது தேவராஜ் ஒத்திகையில் வரிக்கு வரி பாட்டை நிறுத்தி என் தப்பைச் சொல்கிறான். போன ஞாயிறு என் சட்டையைப் பற்றியும் சொன்னான்... நட்புக்குள் இவ்வளவு நேர்மை உடம்புக்கு ஆகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.