மாப்பிள்ளைக்கு ரங்கூன் அரிசி

எனக்கு வாய் நீளம் என்று எங்கள் வீட்டில் சொல்லாத ஆளில்லை. அந்த வாய் மட்டும் இல்லாவிட்டால், மேனாம்பேட்டில் ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் நஞ்சை பூந்தமல்லிக்காரர் ஒருவர் கைக்குப் போயிருக்கும். நானும் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, கரையான்சாவடியில் ஒரு வீட்டு அடுப்படியில் கிடந்திருப்பேன். ஆகவே என் வாயைப் பற்றி எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த காலம். பெரிய சண்டை இன்னும் வரவில்லை. எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் அப்போது ஒரு புது வழக்கம் பரவியிருந்தது. பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டால், பெண் கொடுக்கப் போகிறவர் அவனைக் காலேஜில் சேர்த்துப் படிக்க வைப்பார். படிப்பு முடிந்ததும் கல்யாணம். வரதட்சணை என்று வாய்தவறியும் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளையைப் படிக்க வைக்கிறோம் என்பார்கள். கேட்கக் கௌரவமாக இருக்கும், கொடுப்பதும் கௌரவமாக இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

என் அத்தை, நைனாவின் அக்கா, கரையான்சாவடியில் இருந்தாள். புருஷன் போன பிறகு தவிடு பிண்ணாக்குக் கடையைத் தனியாளாக நின்று நடத்திய கெட்டிக்காரி. அவளுக்கு ஒரே பிள்ளை. அவன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதுமே அத்தையின் கண்ணுக்கு அவன் தாசில்தாராகத் தெரிய ஆரம்பித்துவிட்டான். நான்தான் பெண் என்பது நான் பிறந்தபோதே பேசி வைத்த பேச்சு. அதனால் படிக்க வைக்கிற பொறுப்பு நைனாவுடையது என்று அத்தை வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பட்டணத்தில் தர்மகர்த்தாக்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு தனியார் காலேஜ் இருந்தது. அத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தூண்களைப் பார்த்திருந்தாள். ஒவ்வொரு தூணும் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற தடிமன் என்று கையை விரித்துக் காட்டினாள். அந்தத் தூணுக்கும் நாம்தான் காசு கட்ட வேண்டியிருக்கும் போலிருக்கிறது என்று நான் அடுப்படியிலிருந்து சொன்னேன். அம்மா என் காலை மிதித்தாள்.

ஆனால் நான் சொன்னது உண்மைதான். சம்பளம், ஹாஸ்டல் சாப்பாடு, புத்தகம், விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் விளையாட்டுக்கு ஒரு பணம், மேஜை நாற்காலியை உடைத்துவிட்டால் என்று முன்கூட்டியே ஒரு பணம். இன்டர்மீடியட் இரண்டு வருடம், பி.ஏ. இரண்டு வருடம். எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குக் குறையாது. எங்கள் வீட்டில் நெல் இருந்தது, மாடு இருந்தது, நூறு ரூபாய் ஒன்றாக இருந்ததை யாரும் பார்த்ததில்லை.

அதற்கும் அத்தை வழி வைத்திருந்தாள். பூந்தமல்லியில் ஒருவர் ஏரிக்குக் கீழே இருந்த எங்கள் நிலத்தைப் போக்கியத்துக்கு எடுத்துக்கொண்டு பணம் தர ஒப்புக்கொண்டிருந்தார். போக்கியம் என்றால், பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறவரை நிலத்தில் விளைவதெல்லாம் கடன் கொடுத்தவருக்கு. வட்டி கிடையாது. இதை அத்தை பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். “வட்டியே இல்லாத கடன் தம்பி. எவன் குடுப்பான்?” நைனாவும் தலையை ஆட்டினார். ஊரில் கேட்ட நாலு பேரும் வட்டியில்லாக் கடனை விடாதே என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் பாதி என் சொந்த விஷயம், அதையும் மறைக்கவில்லை. எட்டாம் வகுப்பு தேறிவிட்டு, பெண்களுக்கான வாத்தியார் டிரெயினிங் ஸ்கூலில் சேர வேண்டும் என்று நான் ஒரு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். படிக்கும்போதே மாதாமாதம் உதவிப் பணம் தருவார்கள். பெண் வாத்தியார் கிடைக்காமல் பள்ளிக்கூடங்கள் தேடிக்கொண்டிருந்த காலம், வெளியே வந்தால் வேலை நிச்சயம். அதற்கு நைனா கொடுத்த பதில், காசில்லை என்பது. என் துணிமணிக்கும் ரயில் செலவுக்கும் இல்லாத காசு அத்தை மகனின் தூணுக்கு எங்கிருந்து வந்தது?

ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் பி.ஏ. படித்தவர் ஒருவர் குடியிருந்தார். இரண்டு வருடமாக எல்லா ஆபீசுக்கும் மனு போட்டுக்கொண்டு, நடுவில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்து வந்தார். வேலை கிடைத்தால் என்ன சம்பளம் சார் என்று நேரே போய்க் கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் சொன்னார். குமாஸ்தாவுக்கு முப்பத்தைந்து ரூபாய். தாசில்தாரா? அவர் சிரித்த சிரிப்பிலேயே பதில் இருந்தது.

அன்றைக்குச் சாயந்திரம் நைனாவை உட்கார வைத்துக் கேட்டேன். முப்பத்தைந்து ரூபாயில் பட்டணத்தில் வாடகை கொடுத்துக் குடித்தனம் செய்துவிட்டு, மாதம் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்தால்கூட, போக்கியப் பணத்தை அடைக்க இருபது வருடம் ஆகும். என் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற சமயத்தில்தான் நிலம் திரும்பி வரும். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாரும் சொல்கிற பழமொழியைச் சொன்னார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது.

“நீ உழுதவன், நீ பார்க்க வேணாம். நான் உழவில்ல, நான் பார்க்கறேன்” என்றேன். அடி விழுந்திருக்க வேண்டும். அம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

கோபம் தணிந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். நைனா மடையர் இல்லை. மாட்டை ஒரு பார்வை பார்த்து விலை சொல்லுகிறவர். அப்படிப்பட்டவருக்கு இது ஏன் புரியவில்லை? குதிரிலிருந்து அம்மா அரிசிக்கு நெல் அள்ளுவதைப் பார்த்தபோதுதான் எனக்கே பளிச்சென்று பட்டது. எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் அரிசியைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. எங்கள் வயலில் வேலை செய்கிறவர்களுக்குக் கூலியும் நெல்தான். கிணற்றுத் தண்ணீருக்கு யார் விலை போடுகிறார்கள்? அதுமாதிரி நைனாவின் மனசில் சோறு ஒரு செலவே இல்லை. விளைச்சலை எடுத்துக்கொள்கிறவன் எங்கள் சோற்றை எடுத்துக்கொள்கிறான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இது வாயால் சொல்லிப் புரிய வைக்கிற விஷயமும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் வைத்தார்கள். மறுநாள் பூந்தமல்லியில் போக்கியப் பத்திரம். சொந்தம் என்பதால் முதலில் சாப்பாடு, பிறகு தட்டு மாற்றலாம் என்று ஏற்பாடு. அந்த மாதிரி நாளில் பெண் வீட்டார் தங்கள் நிலத்துச் சிறுமணிச் சம்பாவைத்தான் ஆக்கிப்போட வேண்டும். அரிசியைப் பார்த்தே வீட்டை எடைபோடுவார்கள். சோறு வடிக்கிற வேலை என்னுடையது.

முந்தின நாளே நான் ஸ்டேஷன் கடைக்குப் போய் ரங்கூன் அரிசி வாங்கி வந்திருந்தேன். பர்மாவிலிருந்து கப்பலில் வருகிற அரிசி, விலை மலிவு, நிலமில்லாதவர்கள் கோடையில் அதைத்தான் சாப்பிட்டார்கள். எங்கள் வீட்டு ஆள் வந்து கேட்டதில் கடைக்காரருக்கு ஆச்சரியம். யாருக்கு என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு என்றேன்.

உலை கொதிக்கும்போதே மக்கல் வாடை வந்துவிட்டது. அம்மா பானை மூடியைத் திறந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். போச்சு என்று நினைத்தேன். அம்மா மூடியைத் திரும்ப வைத்துவிட்டு, ரசத்தில் பெருங்காயத்தைக் குறைக்கச் சொன்னாள், இல்லாவிட்டால் வாடை தெரியாமல் போய்விடும் என்று. அதுவரை அந்த நிலத்தைப் பற்றி அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

வரிசையாக இலை போட்டோம். அத்தை, அவள் மகன், அவர்கள் பக்கத்து ஆட்கள் நாலு பேர், எதிரே நைனா. நானே பரிமாறினேன். நைனா முதல் கவளத்தை வாயில் வைத்தார். மெல்லுவது நின்றது. கையிலிருந்த சோற்றை மூக்குக்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தார்.

“இன்னாது இது? நம்ப அரிசி இன்னா ஆச்சு?”

“நம்ப அரிசி குதிர்ல பத்திரமா கீது நைனா. நாளைக்கு நீ கையெழுத்துப் போட்டுட்டா அப்பால நமக்கு ஏது நம்ப அரிசி? மாப்பிள்ளை படிச்சு முடிச்சுக் கடன் அடைக்கற வரைக்கும் நம்ப ஊட்ல இதான் சோறு. அதுவும் காசு குடுத்து வாங்கணும். இன்னைக்கே பழகிக்கலாம்னு ஆக்கினேன்.”

அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. பெரியவர்கள் சாப்பிடுகிற இடத்தில் இது என்ன கூத்து, பெண்ணை வளர்த்த லட்சணமா என்று ஆரம்பித்தாள். நைனா எதுவும் கேட்காதவர் மாதிரி இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கு விலை சொல்வதற்கு முன்னால் இப்படித்தான் பார்ப்பார்.

அப்போது பேசியது அத்தை மகன். அதுவரை அவன் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“எனக்கோசரம் நீங்க யாரும் இத்தத் துன்ன வேணாம் மாமா. எனக்குக் காலேஜ் வேணாம். மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் போறேன்னு ஆறு மாசமா சொல்லிக்கினு கீறேன், அம்மா காதுல ஏறல.”

நைனா சோற்றை வீணாக்குகிறவர் இல்லை. இலையில் போட்டது முழுவதையும், அந்த வாடையோடு, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, “நாளைக்கு நான் பூந்தமல்லிக்கு வரல அக்கா” என்றார். அவ்வளவுதான். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அடுப்படிக்குள் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். அவள் மகன் கடைசியாகப் போனான். போகும்போது என் பக்கம் திரும்பி, இந்தச் சோற்றை ஒரு மாதம் முன்னால் ஆக்கியிருந்தால் காலேஜுக்கென்று அம்மா தைக்கக் கொடுத்த கோட்டின் தையல் கூலி மிச்சமாகியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் நைனா வயலே கதியென்று கிடந்தார். மூன்றாம் நாள் ஏரிப் பக்கம் போய்விட்டு வந்து, “உன் படிப்புக்கு எம்மாம் ஆவும்?” என்று கேட்டார். சொன்னேன். மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். ஒரு கன்றுக்குட்டியை விற்றால் போதும். ஜூன் மாதம் என்னை ஸ்கூல் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டபோது, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் சிறுமணி அரிசி ஒரு மூட்டை இறக்கிவிட்டுத்தான் போனார். ஹாஸ்டல்காரர்கள் என்ன அரிசி போடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

படித்து முடித்த அதே வருடம் பூந்தமல்லியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஸ்டேஷன் பக்கத்து பி.ஏ.வுக்கு அப்போதும் கிடைத்திருக்கவில்லை, பாவம். முதல் சம்பளத்தை நைனா கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, இதில் வயல் மடைக்குக் கல் வைத்துக் கட்டலாமா என்று என்னைக் கேட்டார். கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்றவர். அதற்குப் பிறகு ஒரு மூட்டைப் பிண்ணாக்கு வாங்கவும் என்னைக் கேட்காமல் வாங்க மாட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன், அதில் சந்தேகமே வேண்டாம்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. ஜனங்கள் கடை வாசலில் பையோடு நின்றார்கள். எங்கள் குதிர் நிறைந்திருந்தது. நைனா கூலி நெல்லை ஒரு படிகூடக் குறைக்கவில்லை. ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, மோட்டார் ரிப்பேர் தெரிந்த ஆட்களைத் தேடித்தேடி எடுத்தார்கள். அத்தை மகன் அங்கே வாங்கிய சம்பளத்தை எந்தக் குமாஸ்தாவும் வாங்கவில்லை. இந்தத் தடவை அவனே நேரில் வந்து பெண் கேட்டான். நைனா என்னைப் பார்த்தார். வேலையை விட மாட்டேன், நிலத்தின்மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். சரி என்றான். யோசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அத்தைக்கு அதுவரை என்னோடு பேச்சு கிடையாது. பள்ளிக்கூடம் போகும்போது கடை வாசலில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்யாணத்துக்கு வந்தாள். ஊரில் அரிசி இல்லாத அந்த வருடத்தில், எங்கள் பந்தியில் சிறுமணிச் சம்பா ஆவி பறந்தது. மாப்பிள்ளை முதல் கவளத்தை எடுத்தான். வாயில் வைக்காமல் மூக்குக்கிட்ட கொண்டுபோனான்.

“மாமா, இது நம்ப நெலத்து அரிசிதானே?”

பந்தியே சிரித்தது. அத்தைதான் முதலில் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.