தீச்செங்கல் அடுப்பு

சிராங்கூன் ரோட்டு வீட்டைக் காலி செய்ய, நேற்று அடுப்பைப் பிரித்தேன். வெந்த செங்கல் வாடை அடித்தது. அப்பாவின் சட்டையிலும் அதே வாடைதான்.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களின் கொதிகலன் உலைக்குத் தீச்செங்கல் பதிப்பவர். அவசரமென்றால், உலை சூடு ஆறும் முன்பே ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே நுழைவார். எனக்கு ஏழு வயதில், கழித்துப்போட்ட கற்களைக் கொண்டுவந்து இந்த அடுப்பைக் கட்டினார்.

"எவ்வளவு எரிச்சாலும் வெடிக்காது. அதான் தீச்செங்கல்னு பேரு."

அவர் முதுகுக் கொப்புளங்களில் எண்ணெய் தடவிக்கொண்டே அம்மா கேட்டாள்: "கல்லு தாங்கும். நீங்க?"

"பழகிடும்."

பழகுமுன்பே போய்விட்டார். கற்களில் இன்றும் ஒரு கீறல் இல்லை. புது வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று அம்மாவைக் கேட்டேன்.

"வேணாம்பா. மண்ணடுப்பு வாங்கிக்கலாம். வெடிச்சா வெடிச்சிட்டுப் போவுது."