அரிசி மூட்டைக்குப் பின்னால் ஆறு டின்

2019 மே 16, வியாழன், காலை 10.40. அளந்த இடங்கள் 23. கணக்கோடு பொருந்தியவை 22.

மிச்சம் ஒன்று என் உயிரை எடுத்தது.

கறிவேப்பிலைப் பெட்டியை அப்போதுதான் உடைத்திருந்தார்கள். லா ஷப்பேலில் ரவி அண்ணையின் பலசரக்குக் கடை முழுக்க அந்த வாசம். நான் ஓர் அரிசி மூட்டைமேல் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன்...

மாஸ்டர்ஸ் கடைசி வருடம். ஒரே சீராக இல்லாத பொருள்களுக்குள் மின்காந்த அலை எப்படிப் போகும் என்று கணிக்கும் மொடல் எழுதுவதுதான் என் ஸ்தாஜ், படிப்போடு சேர்ந்த பயிற்சி வேலை. திங்கட்கிழமை ரப்போர், அதன் அறிக்கை, கொடுக்க வேண்டும். நிஜமான ஓர் இடத்தில் பொருந்திக் காட்டினால்தான் கையெழுத்து என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பொருந்தாவிட்டால் ஐந்து மாத உழைப்பும் குப்பை.

இந்தக் கடையைவிடக் கலவையான இடம் பாரிஸில் எங்கே இருக்கிறது? ஈரமான மரவள்ளி அலையை உறிஞ்சும். உலர்ந்த அரிசி பெரும்பாலும் விட்டுவிடும். மீன் டின் திருப்பி அடிக்கும்.

முதலில் சோம்பல்பட்டு, கடை முழுவதையும் ஒரே பொருளாகச் சராசரி எடுத்தேன். ஒன்றுமே பொருந்தவில்லை. பிறகு எதில் என்ன பொருள் என்று தட்டுத் தட்டாக எழுதி மொடலில் ஏற்றினேன். கடையின் வைஃபை சிக்னலை ஃபோனால் இடம் இடமாக அளந்தேன்.

"என்னடா, கடையை அளந்து விக்கப்போறியோ?" என்றார் ரவி அண்ணை.

பதினேழாவது இடம், அரிசி அடுக்குக்கும் சுவருக்கும் இடையில். சிக்னல் நன்றாக வரவேண்டும் என்றது கணக்கு. ஃபோனில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மூன்று தரம் அளந்தேன்... அதே கதை.

"அண்ணை, இந்த மூட்டையளுக்கு நடுவிலை தகரம் ஏதும் கிடக்கோ?"

"சீச்சீ. வெறும் அரிசி."

"அப்ப என்ரை கணக்குப் பிழை. நான் ஃபெயில்."

அவர் காசு மேசைப் பக்கம் பார்த்தார். அங்கே அவர் மனைவி சாந்தி அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"மூண்டாவது மூட்டையை இழு" என்றார், மெதுவாக.

இழுத்தேன். நீலத் தகர டின்கள். ஆறு. வெண்ணெய் பிஸ்கட்.

ரவி அண்ணைக்குச் சீனி வருத்தம், இனிப்பே தொடக்கூடாது. அந்தத் தெருவுக்கே தெரியும்.

அக்கா வந்து நின்றார். "இதென்னப்பா, அரிசி குட்டி போட்டிருக்கோ?"

சண்டையைக் கேட்க எனக்கு நேரமில்லை. ஆறு டின்னையும் மொடலில் ஏற்றி ஓட்டினேன். நாலு நிமிடம்.

23க்கு 23.

மூட்டைமேல் ஏறி நின்று கத்தினேன்! கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, ஏன் என்றே தெரியாமல் கைதட்டினார். அக்கா டின்களைத் திறந்து கடைக்கு வந்த எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்தார், ஒருவரைத் தவிர.

"உன்ரை அலை ஒரு குடும்பத்தைப் பிரிக்கப் பாக்குதடா" என்றார் அந்த ஒருவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

இப்போது வேலையில், எந்தப் பொருளுக்கு என்ன குணம் என்பது அட்டவணையாக மின்னஞ்சலில் வந்துவிடுகிறது. மொடல் பத்து நொடியில் ஓடுகிறது. பொருந்தினால் அடுத்த ஃபைல். இத்தனை வருடத்தில் எதன்மேலும் ஏறி நின்று நான் கத்தவில்லை...

ஆகவே:

1. சனிக்கிழமை மெத்ரோ பிடித்து லா ஷப்பேல் போவது.
2. பதினேழாவது இடத்தில் நின்று ஃபோனில் சிக்னலை அளப்பது.
3. சிக்னல் மறுபடி காணாமல் போயிருந்தால், அக்காவிடம் வாயைத் திறக்காமல் இருப்பது.