மூச்சைத் தின்ற குவியல்

கல் எதைக் கண்டாலும் கழுத்துக் கயிற்றில் தொங்கும் காந்தத்தை அதன்மேல் ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் கையிலெடுப்பாள். நிக்கல் சுரங்கத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் காந்தக்காரி என்றே பேர். வெண்கல மஞ்சளில் மினுங்கும் பென்ட்லான்டைட் என்ற தாதுவில்தான் நிக்கல் இருக்கிறது. காந்தம் அதைச் சீண்டாது. அதோடு ஒரே பாறையில் பின்னிக் கிடக்கும் பிர்ரோடைட் காந்தத்தோடு ஒட்டும். அதில் நிக்கல் பேருக்குத்தான்.

"ஒட்டுறத நம்பாத. ஒட்டாததுலதான் சரக்கு," என்பாள்.

"அதான் அண்ணன் உங்ககூட ஒட்டுறதே இல்லையா அண்ணி?" என்பான் அங்கேயே லோடர் ஓட்டும் கொழுந்தன்.

அந்த வாரம் விடாத மழை. லாரிகள் வரவில்லை. அரைத்துப் பிரித்த தாதுத்தூள், மூடிய கொட்டகைகளில் ஈரத்தோடு எட்டு நாள் கிடந்தது. மாதிரி எடுக்க அவள் வாளியோடு போனபோது முதல் கொட்டகையின் சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஐந்தாறடி தள்ளிக் கொழுந்தன் நின்றான்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஈரத்தூள் துருப்பிடிக்கும், பிடிக்கும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும்.

"வெளிய வாடா!"

"கந்தக நாத்தமே இல்ல அண்ணி. ஏன் கத்..."

நாற்றத்தை நம்புவது அங்கே எல்லோரும் செய்கிற தப்பு. கந்தகம் கலந்த அந்தத் தூள் புகைந்தால்தான் நாறும். ஆக்சிஜன் தீர்ந்துபோனதற்கு ஏது வாசனை? நாக்கு குழற, சிரித்தபடியே கொழுந்தன் மண்டியிட்டான். குப்புற விழுந்தான்.

அவள் கால் தானாக எழுந்தது. அடக்கிக்கொண்டாள். உள்ளே போனால் இரண்டு பிணம். தொண்டை கிழியக் கத்தினாள். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஓடிவந்த புருஷன் நேரே உள்ளே பாயப் பார்த்தான். சட்டையைப் பிடித்தாள், பொத்தான்கள் தெறித்தன.

"விடுடி! என் தம்பிடி அவன்!"

"போனா நீங்களும் விழுவீங்க! ஓடிப்போய்ப் பெரிய ஷட்டரத் தூக்குங்க!"

அவன் ஓடினான். குவியலைச் சமப்படுத்தும் நீளக் கொத்துவாரியை எடுத்து வாசற்படியில் குப்புறப் படுத்து, தலையை நீட்டித் துழாவினாள். பெல்ட்டில் மாட்டியது. நழுவியது. மறுபடி நழுவியது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்த புருஷனும் சேர்ந்து இழுத்தான். வெளியே வந்த முகம் சிலேட்டு நிறத்தில் இருந்தது. அவள் அவன் மார்பை அழுத்தியபடி எண்ண ஆரம்பித்து, எதை எண்ணுகிறோம் என்பதையே மறந்துபோனாள்.

ஒரு விக்கல். அப்புறம் இருமல்.

இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்பு அதிகாரி மீட்டரோடு வந்து, அதே நாளில் மூடிய அடுத்த கொட்டகையை அளந்தபோதுதான் தெரிந்தது: இருபத்தொன்று சதவீதம் இருக்கவேண்டிய ஆக்சிஜன், அவள் தலை நீட்டியது போன்ற வாசற்படி ஓரத்திலேயே பதினொன்றுதான், ஆளை மயக்கிச் சாய்க்க அது போதும். அன்று தனக்கு வந்த தலைவலிக்கு அதுவரை அழுகையைத்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.